ஆர்மராட் வாங்காத கேக்

எங்கள் ஸ்டேஷனில் ஒரு தண்டம் உண்டு. யார் முட்டாள்தனம் பண்ணினாலும், மறுநாள் ஷிப்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். காருக்குள் சாவியை வைத்துப் பூட்டினால் கேக். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினால் கேக். அடிதடியில் தொப்பி தொலைந்தால் கேக். வயர்லெஸ்ஸில் வாய் தவறி சார்ஜென்டை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டால் இரட்டைக் கேக். பேப்பரில் படம் வந்தால் அதற்கும் உண்டு, நல்ல காரியத்துக்காக வந்த படமாக இருந்தாலும் சரி. பார்த்தவர் யாராவது "கேக்!" என்று கத்த வேண்டும். விசாரணை அவ்வளவுதான். அப்பீல் கிடையாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இருப்பதையெல்லாம் மறந்துபோன ஆட்கள்கூட இதை மறந்ததில்லை.

நான் போலீஸ்காரன் இல்லை. ஸ்கெல்பரோ ஸ்டேஷன் முற்றத்தில் வண்டி கழுவுகிறவன். குடித்தவர்கள் வண்டிக்குள் கக்கியதைக் கழுவுவதும் லாக்கப் அறைகளைத் துடைப்பதும் என் வேலைதான். தண்டம் என்னைச் சேராது, ஆனால் மிஞ்சுகிற கேக் என்னிடம் வந்து சேரும். முழங்கால் போனதற்கு வாளிகள் காரணம். வயிறு வந்ததற்குக் கான்ஸ்டபிள்கள் காரணம்.

இத்தனை காலத்தில் ஒரே ஒரு கேக்கூட வாங்காத ஆள் டெஸ்மண்ட் ஆர்மராட்.

அவர் கான்ஸ்டபிளாக வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூட்ஸ் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. முதல் வாரமே சந்தைத் தெரு பப்பில் பெரிய சண்டை. உள்ளே போன நாலு போலீஸ்காரர்களும் சட்டை கிழிந்து, மூக்கில் ரத்தத்தோடு வந்தார்கள். இரண்டு தொப்பிகள் காணாமல் போயின, அதனால் இரண்டு பெட்டிக் கேக். ஆர்மராட் வாசலில் நின்று அந்த நாலு பேருடைய கோட்டுகளையும் மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கோட் பிடிப்பதில் என்ன தப்பு நடந்துவிடும்?

அதுதான் அவர் கண்டுபிடித்த வழி. வேலை நடக்கிற இடத்துக்கு ஓரடி தள்ளி நிற்பது. சார்ஜென்ட் ஆனபோது சைக்கிள்களுக்கு நம்பர் பொறிக்கும் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஆனபோது கையில் ஒரு வாத்துப் பொம்மையை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோடு கடக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆறு பெருகிக் கீழ்த்தெரு முழுகிய வருஷம், வெள்ளத்தைச் சமாளிப்பது எப்படி என்கிற பயிற்சிக்காகத் தெற்கே போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது வெள்ளம் வடிந்திருந்தது. அவர் கையில் சான்றிதழ் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கிழவிகளைத் தூக்கி வந்தவர்களுக்குச் சளி பிடித்தது, ஆர்மராட்டுக்கு சூப்பரின்டென்டென்ட் பதவி கிடைத்தது. பேப்பர்க்காரர்கள் படம் எடுக்க வந்தால் மட்டும் அவர் கணக்காக ஓரத்தில் நிற்பார். அச்சில் வரும்போது ஒரு தோள்பட்டை இருக்கும், முகம் இருக்காது.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு பனிக்காலத்தில் என் விரல் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அவரே கையுறை வாங்கித் தந்தார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் யாரையும் பிடித்ததும் இல்லை. துணை சீஃப் பதவிக்கு வரும்வரை ஒரு ஆளைக்கூட அவர் கைது செய்யவில்லை. யாராவது ஓய்வு பெறும் விருந்தில் அவர் எழுந்து நின்று, "என் பணிக்காலத்தில் ஒரு கேக்கூட நான் வாங்கியதில்லை" என்று சொல்லுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கை தட்டாமல் என்ன செய்வது?

இந்த நிலையில் எங்கள் சீஃப் ஓய்வு பெற்றார். மாவட்டத்துப் போலீஸ் முழுவதற்கும் தலைமை அந்த நாற்காலிதான். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் ஆர்மராட். இன்னொருவர் பக்கத்து மாவட்டத்து ஓல்ட்ராய்ட் அம்மா, கான்ஸ்டபிளாக எங்கள் ஊரில்தான் ஆரம்பித்தவர். யார் என்று முடிவு செய்ய வேண்டியவர் கமிஷனர் ஹார்கஸ் அம்மா. அவர் சீருடை போட்டவர் இல்லை. போலீசை மேய்ப்பதற்காக ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள். அதற்கு முன்னால் பன்றிப் பண்ணை வைத்திருந்தார்.

நேர்காணல் வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆர்மராட் முற்றத்துக்கு இறங்கி வந்தார். நெவில் என்கிற கான்ஸ்டபிள் அப்போதுதான் கமிஷனர் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தான். நெவிலின் வாய்க்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.

"கமிஷனர் வண்டியில ஏதாவது பேசினாங்களா, நெவில்?"

"பேசினாங்க சார். ஆனா அதை நான் வெளிய சொல்லக் கூடாது."

"கூடாதுதான். சொல்லாதீங்க."

"நம்ம கேக் தண்டம் இருக்குல்ல சார், அதைப் பத்திதான். 'கடைசியா எதுக்கு கேக் வாங்கிக் குடுத்தீங்க'ன்னு ரெண்டு பேர்கிட்டயும் விசாரிக்கப் போறாங்களாம். அவங்கப்பா ஊர்க் கான்ஸ்டபிளா இருந்தவராம். கேக் வாங்காத போலீஸ்காரன் வேலையே பாக்கலைன்னு சொல்லுவாராம்."

ஆர்மராட்டின் முகம், கழுவிப் போட்ட துணி மாதிரி வெளுத்துவிட்டது. "ஓல்ட்ராய்ட் அம்மா வாங்கியிருக்காங்களா?"

"அவங்களா! அவங்க ஊரு பேக்கரிக்காரன் அவங்க தயவுலதான் ரெண்டாவது கடையே போட்டான் சார்."

நெவில் போனபிறகும் அவர் போகவில்லை. நான் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

"வில்ஃப், வியாழக்கிழமைக்குள்ள நான் ஒரு தப்புப் பண்ணணும். சின்னதாப் போதும். எப்படிப் பண்றது?"

"யோசிக்காம இருந்தா அதுவா வரும் சார்."

"யோசிக்காம எப்படி இருக்கிறது?"

அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தத் துறையில் எனக்கு இயற்கையாகவே தேர்ச்சி.

திங்கட்கிழமை தொப்பியில் ஆரம்பித்தார். காரின் கூரைமேல் தொப்பியை வைத்துவிட்டு, முற்றமே பார்க்கும்படி மெதுவாக ஓட்டிப் போனார். தொப்பி உருண்டு சேற்றில் விழுந்தது. ஒரு பெண் கான்ஸ்டபிள் பாய்ந்து அதை எடுத்து, சைக்கிளில் துரத்திக்கொண்டு போய், தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்து சல்யூட் அடித்தாள். ஆர்மராட் ஜன்னலை இறக்கிக் காத்திருந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அவரே கேட்டார்.

"காத்து பலமா இருக்கு சார், பத்திரமாப் போங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினார். நாலு பேர் பார்க்கிற மாதிரி, சத்தமாகப் பேசிக்கொண்டே ஊற்றினார். வண்டி வாசல் தாண்டவில்லை, இருமி நின்றுவிட்டது. பட்டறை மேஸ்திரி வந்து பார்த்தார். "தப்பு எங்க மேலதான் சார். பம்பு பெயிண்ட் மங்கிப்போச்சு, யாருக்குமே குழப்பம் வரும்" என்றார். அன்று மத்தியானமே பம்புக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். டேங்கில் இருந்ததை உறிஞ்சி எடுத்தது நான். வீட்டுக்குப் போனால் பூனைகூட என் பக்கத்தில் வரவில்லை.

புதன்கிழமை பெரிதாகவே செய்து பார்த்தார். போலீஸ்காரர்கள் உயிருக்கு ஆபத்து என்றால் அழுத்த வயர்லெஸ்ஸில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது. கான்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அதை அழுத்தினார். ஊரில் இருந்த அத்தனை வண்டியும் நீல விளக்கும் சங்குமாக வந்து சேர்ந்தன. இரண்டு நாய்கள் வந்தன. தட்டில் முட்டையும் வறுத்த ரொட்டியுமாக ஆர்மராட் எழுந்து நின்றார். கண்ணில் அவ்வளவு ஆசை.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க முன்னால் வந்தார். "எங்களைச் சோதிச்சுப் பாத்தீங்களா சார்? எப்படி, சீக்கிரமா வந்துட்டோமா?"

ஆர்மராட் கான்டீனை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லா வாயும் மூடியிருந்தது. ஒருத்தன் தன் உதட்டையே கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில், "நல்லா வந்தீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் மறுநாள் பாராட்டுக் கடிதம் போயிற்று. நாய்களுக்கும்தான்.

அன்று சாயங்காலம் மேல்மாடிப் படிக்கட்டை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னைத் தாண்டி இறங்கினார். "நான் என்ன செஞ்சாலும் சரியாப் போயிடுது, வில்ஃப்" என்றார். வியாதி வந்தவன் சொல்வது மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில் தூறல். நேர்காணல் மாவட்டத் தலைநகரான ஆல்டர்விக்கில், பதினோரு மணிக்கு. நான் கைதி வண்டிக்குள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆர்மராட் விழாவுக்குப் போடுகிற உடுப்பில், வெள்ளிப் பட்டையும் பதக்கமுமாக, வண்டியின் பின்பக்கம் வந்து நின்றார்.

"உள்ள வரலாமா? பேசப்போறதை ஒரு தடவை உங்ககிட்ட சொல்லிப் பாக்கணும். மேல உட்கார்ந்தா ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

ஏறி, கைதிகள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். உடுப்பின் மேல் சாரல் பட்டது. கை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஐயோ சார்!" என்றேன். அதற்குள் க்ளிக் என்றது.

அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. எனக்குத் தெரியும். ஊரில் ஒரு தடவை பிடிபட்ட எவனுக்கும் தெரியும். அதற்குள் எவனையும் ஏற்றி அறியாத ஆர்மராட்டுக்கு மட்டும் தெரியாது.

"ஃபோன் இருக்கா சார்?"

"கார் சீட்ல. உங்ககிட்ட?"

"மேல்கோட்டுல. கோட்டு ஆணியில."

நாங்கள் இரண்டு பேரும் முன்பக்கத் தடுப்பைத் தட்டத் தொடங்கியபோதே இன்ஜின் உறுமியது. நெவில்தான். ஆல்டர்விக் கோர்ட்டிலிருந்து ஒரு ஆளை எங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். நெவில் வண்டி ஓட்டும்போது பாட்டுப் போட்டுவிட்டுக் கூடவே தானும் பாடுவான். கடவுள் அவனுக்குத் தொண்டை கொடுத்தார், காது கொடுக்கவில்லை. நாங்கள் தட்டினோம், உதைத்தோம். நாங்கள் தட்டத் தட்ட அவன் இன்னும் உற்சாகமாகத்தான் பாடினான். முதல் வளைவில் என் வாளி கவிழ்ந்து, கிருமிநாசினித் தண்ணீர் முழுவதும் ஆர்மராட்டின் பூட்ஸுக்குள் போயிற்று.

அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வில்ஃப்! இது தப்புதானே?"

"சரியான தப்பு சார்."

"அப்ப கத்துங்க."

"என்னன்னு?"

"கேக்னு கத்துங்க, ஐயா!"

"நான் போலீஸ் இல்லையே சார். நான் கத்தினா செல்லாது."

உண்மை அது இல்லை. என் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிப்பது மேல்மாடிதான். சைக்கிளில் துரத்திய அந்தப் பெண்ணுக்கு இருந்த அதே பயம்தான் எனக்கும். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆல்டர்விக் போய்ச் சேரும்வரை சக்கரச் சத்தமும் நெவிலின் பாட்டும்தான்.

கோர்ட்டின் பின்வாசலில் வண்டி நின்றது, கதவு திறந்தது. வெளியே நெவில் நின்றான். அவன் பக்கத்தில் ஒரு காவலாளி. காவலாளியின் கையோடு விலங்கு மாட்டி ஆர்ச்சி கபிட். ஆர்ச்சியைத் தெரியாதவர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. கொட்டகைகளில் திருடியே தலை நரைத்தவர். ஒருவரையும் அடித்ததில்லை. பிடிக்க வந்தால் ஓடமாட்டார், செருப்பு மாட்டிக்கொள்ள நேரம் கேட்பார்.

ஆர்ச்சி உள்ளே எட்டிப் பார்த்தார். "அட! நம்ம டெஸ்மண்டா? பதக்கமெல்லாம் போட்டு உள்ள தள்ளியிருக்காங்க. என்னப்பா பண்ணினே?"

ஆர்மராட் எழுந்து நின்றார். பூட்ஸ் சளக் சளக் என்றது. "கதவைச் சாத்திட்டேன்."

"உள்ளயிருந்தா?"

"உள்ளயிருந்து."

நெவில் முந்திக்கொண்டான். "துணை சீஃப் வண்டியோட பாதுகாப்பைச் சோதனை பண்ணி..."

"சோதனையாவது வேதனையாவது!" ஆர்ச்சி விலங்கு மாட்டிய கையைக் காவலாளியின் கையோடு சேர்த்து மேலே தூக்கினார். "கேக்!"

கோர்ட்டுச் சுவரில் மோதி அது திரும்பி வந்தது. புறாக்கள் பறந்தன. காவலாளி வானத்தைப் பார்த்தான். நெவில் தன் பூட்ஸைப் பார்த்தான். ஆர்மராட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல வருஷம் தவமிருந்து பிள்ளை பெற்றவர் முகம்.

"அது செல்லாது சார்" என்றான் நெவில். "இவரு கைதி."

"தம்பி, உங்கப்பா டிராயர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் உங்க ஸ்டேஷன் லாக்கப்ல டீ குடிச்சவன். உன்னைவிட சீனியர். செல்லுமா, செல்லாதா, டெஸ்மண்டு?"

"செல்லும்" என்றார் ஆர்மராட். "செல்லும், செல்லும்."

"எனக்கு முட்டை கஸ்டர்டு கேக். க்ரீம் வெச்சது வேணாம், வயித்துக்கு ஆகாது."

நெவில் ஆர்ச்சியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எங்களைக் கூட்டிப்போகத் திரும்பி வருவதாகச் சொன்னான். நேர்காணல் நடக்கும் மாவட்ட மன்றம் இரண்டு தெரு தள்ளித்தான். "நீங்களும் வாங்க, வில்ஃப். சாட்சி வேணும்" என்று ஆர்மராட் என் ரப்பர் பூட்ஸோடு என்னை இழுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு பேக்கரி வந்தது. அவர் உள்ளே நுழைந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கல்லாவில் இருந்த அம்மாள் சீருடையைப் பார்த்தாள்.

"போலீஸா, கண்ணு? என்ன பண்ணினே? சாவியா, தொப்பியா?"

"வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"எதை?"

"என்னைத்தான்."

"கார்லயா?"

"கைதி வண்டில."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெட்டி, பெரிய பெட்டி எடு! கண்ணு, உனக்கு என்ன பதவி?"

"துணை சீஃப்."

"ரெண்டு பெட்டியா எடு!"

நேர்காணலைப் பொதுமக்களும் பார்க்கலாம். ஆனால் மழை, பொதுமக்கள் என்று வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மடியில் இரண்டு பெட்டியோடு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹார்கஸ் அம்மா ஒரு நீள மேஜைக்குப் பின்னால். அகலமான கைகள், பன்றி தூக்கிய கைகள். ஆர்மராட் நடந்து போனபோது பூட்ஸ் சளக் என்றது. கிருமிநாசினி வாடை அவருக்கு முன்னால் போயிற்று.

ஹார்கஸ் அம்மா சைக்கிள் திருட்டைப் பற்றிக் கேட்டார். ஆர்மராட் நன்றாகவே சொன்னார். ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கேட்டார். அதற்கும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் நாற்காலி நுனிக்கு வந்து, அடுத்தது அதுதான் என்று காத்திருப்பார். கிராமத்து ஸ்டேஷன்களை மூடுவது பற்றிக் கேட்டார். வயல்களில் டிராக்டர் திருடு போவது பற்றிக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அவ்வளவுதான். உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா, மிஸ்டர் ஆர்மராட்?"

ஆர்மராட்டால் தாங்க முடியவில்லை. "கேக் பத்தி ஒண்ணும் விசாரிக்கலையே, மேடம்!"

ஹார்கஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "விசாரிக்கத்தான் இருந்தேன். ஆனா வாரம் பூரா நீங்க அதுக்காகப் பயிற்சி எடுத்தீங்கன்னு நெவில் சொன்னாரு. தொப்பி, டீசல், நாய் எல்லாமே தெரியும். அப்புறம் விசாரிச்சு என்ன பிரயோஜனம்?"

நெவிலின் வாய் இரண்டு பக்கமும் திறக்கும் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு நிஜமாவே ஒண்ணு நடந்துச்சு" என்றார் ஆர்மராட். சொன்னார். கோட் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கவில்லை, கதவிலிருந்து ஆரம்பித்தார். கூச்சப்படாமல் சொன்னார். மேஜையில் குறிப்பெடுத்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்துப் புரையேறிவிட்டார். "சாட்சி பின்னால இருக்காரு" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். நான் பெட்டியை உயர்த்திக் காட்டினேன். வேறென்ன செய்ய?

ஹார்கஸ் அம்மா சிரிக்கவில்லை. "வாரம் பூரா கண்ணு முன்னாடி தப்புப் பண்ணியிருக்கீங்க. ஒருத்தர்கூட சொல்லல. சீஃப் ஆயிட்டா இன்னும் மேல போயிடுவீங்க. அப்ப உங்ககிட்ட வந்து தப்புன்னு யார் சொல்லுவா?"

ஆர்மராட் கூரையைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"ஆர்ச்சி கபிட் சொல்லுவாரு, மேடம். வேற யாரும் இருக்கிற மாதிரி தெரியல."

"திருடன்தானே அவன்?"

"ஆமா மேடம். அதனாலதான் சொல்றாரு. அவரு என்கிட்ட சம்பளம் வாங்கலையே, நான் அவரை ஒண்ணும் செய்ய முடியாது."

ஹார்கஸ் அம்மா எதையோ எழுதிக்கொண்டார். முடிவைச் சாயங்காலம் ஃபோனில் சொல்வதாகச் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது முற்றமே நிறைந்திருந்தது. ஜன்னல்களிலும் தலைகள். நெவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தான். ஆர்மராட் வண்டியிலிருந்து இறங்கினார். பிறகு அந்த சைக்கிள் பெண், முகமெல்லாம் சிவந்து, "தொப்பிக்கு கேக்!" என்றாள். "டீசலுக்கு!" என்றார் மேஸ்திரி. "எங்க நாய்க்கு!" என்றது ஒரு குரல். அதன்பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஆர்மராட் இரண்டு பெட்டியையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு பெட்டி கான்டீன் வாசலிலேயே காலியானது. இன்னொன்றை யாரையும் தொடவிடவில்லை.

அதை எடுத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போனார். நான் துடைப்பத்தோடு பின்னால் போனேன், அது என் வேலை நேரம். லாக்கப் பொறுப்பில் சார்ஜென்ட் ஸ்பிங்க், குள்ளமான பெண்மணி. பெட்டியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளிச் சாப்பாடு செல்லுக்குள்ள போகாது சார்."

"நான் துணை சீஃப், சார்ஜென்ட்."

"இந்தக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் சொல்றதுதான் சார். சீஃபே வந்தாலும் இதான். அதுவும் நீங்க இன்னும் ஆகலையே."

முந்தின நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. "சரி, வேற வழி இருக்கா?" என்றார். ஸ்பிங்க் யோசித்தார். கைதிகள் காற்று வாங்குகிற சின்ன முற்றத்தில், தன் கண் முன்னால் சாப்பிடலாம் என்றார். அதற்கு முன்னால் பேனாவை எடுத்து, உள்ளே பிளேடு கிளேடு இருக்கிறதா என்று ஒவ்வொரு கஸ்டர்ட் கேக்கிலும் நடுவில் குத்தினார். பெட்டியில் இருந்தது பூராவும் கண் தோண்டின முகம் மாதிரி ஆகிவிட்டது.

முற்றத்துப் பெஞ்சில் ஆர்ச்சி, ஆர்மராட். நான் சுவரோரம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஆர்ச்சி முதல் கடி கடித்தபோது ஆர்மராட்டின் ஃபோன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். "ஆமாம், மேடம். சரி, மேடம். புரியுது. நன்றி." பிறகு உட்கார்ந்தார்.

"என்ன?" என்றார் ஆர்ச்சி.

"ஓல்ட்ராய்ட் அம்மாவுக்கு."

"உனக்கு ஏன் இல்லையாம்?"

"பயிற்சி நல்ல விதமா ஆரம்பிச்சிருக்கேன்னாங்க. ஆனா அந்த நாற்காலி பயிற்சி எடுக்கிற இடம் இல்லையாம்."

ஆர்ச்சி கொஞ்ச நேரம் மென்றார். "ஓல்ட்ராய்ட் அம்மா நல்ல பொம்பளைதான். என்னை மூணு தடவை பிடிச்சிருக்காங்க. ஒரு தடவை தப்பா எங்கக்கா வீட்டுக் கதவை உடைச்சுட்டாங்க. மறுநாள் கேக்கோட வந்து, ஆணி அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க." விரலை நக்கினார். "இந்த ஸ்டேஷன்ல என்னைப் பிடிக்காத ஒரே ஆளு நீதான், டெஸ்மண்டு. எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்."

ஆர்மராட் வெள்ளிப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குத் தோள் இறங்கியிருந்தது.

"போன மாசம் ஹார்கஸ் அம்மா வீட்டுக் கொட்டகையில புல் வெட்டுற மிஷின் காணாமப் போச்சே, தெரியுமா?" என்றார் ஆர்ச்சி.

"தெரியும். கண்டுபிடிக்க முடியல."

"எங்கக்கா வீட்டுக் குளியலறைல இருக்கு. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. எப்படியும் சொல்லத்தான் போறேன், மனசு உறுத்துது. அதை நீயே பிடிச்சுக்கயேன்."

ஆர்மராட் எழுந்தார். உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ஸ்பிங்க் கதவுக்கருகில் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஆர்ச்சிபால்ட் கபிட், திருட்டுக் குற்றத்துக்காக உங்களைக் கைது செய்யறேன். நீங்க எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. ஆனா..." நின்றார். "ஆனா..."

கைது செய்யும்போது சொல்ல வேண்டிய அந்த வாசகத்தைக் கான்ஸ்டபிள்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். அவர் ஒருத்தரிடமும் சொன்னதே இல்லையே.

"ஆனா, இப்ப விசாரிக்கும்போது" என்று ஆர்ச்சி எடுத்துக் கொடுத்தார்.

"ஆனா, இப்ப விசாரிக்கும்போது..."

"சொல்லாம விட்டுட்டு."

"சொல்லாம விட்டுட்டு..."

"பின்னால கோர்ட்டுல போய் அதைச் சொன்னா, அது உங்களுக்குப் பாதகமாப் போகலாம். மூச்சு விட்டுச் சொல்லு, அவசரமில்லை."

வரி வரியாக ஆர்ச்சி சொல்ல, வரி வரியாக ஆர்மராட் சொன்னார். முடிந்ததும் ஆர்ச்சி எழுந்து நின்று முதுகைத் திருப்பிக் காட்டினார். "தோள்ல கை வைக்கணும். அதுல ஒரு கௌரவம் இருக்கு."

ஆர்மராட் கையை வைத்தார். குத்துப்பட்ட கேக்குகளை எடுத்துக் கொடுத்த கை முழுக்கக் கஸ்டர்ட். ஐந்து விரலும் ஆர்ச்சியின் கோட்டில் மஞ்சளாகப் பதிந்தன. இரண்டு பேரும் அப்படியே ஜோடியாகக் கம்பிக் கதவுக்குள் போனார்கள். உள்ளே போகும்போது எதிரே வந்த ஒவ்வொருவரிடமும், "துணை சீஃப் பிடிச்சாரு" என்று ஆர்ச்சி சொல்வது கேட்டது.

அந்தக் கோட்டைத் துடைக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். முட்டைக் கறை எளிதில் போகாது. பச்சைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஆர்ச்சி செல்லிலிருந்து குரல் கொடுத்தார்: வேண்டாம், வில்ஃப், அது இருக்கட்டும் என்று.